பூச்சி போன பிறகும் செடி ஏன் வளராமல் நிற்கிறது?

கேள்வி இதுதான்: மாடியில் தொட்டியில் வைத்த தக்காளிச் செடியைப் புழு அரித்துவிட்டது. புழுக்களையெல்லாம் பொறுக்கி எடுத்தாயிற்று. உரத்துக்கும் தண்ணீருக்கும் குறையில்லை. ஆனாலும் இரண்டு வாரமாகச் செடி அப்படியே நிற்கிறது. இலை போனதால் உணவு தயாரிப்பு குறைந்துவிட்டது, அதனால்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது மட்டும்தான் காரணமா? செடியின் எதிர்ப்பு ஹார்மோன்களுக்கும் செல் வளர்ச்சிக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியான தொடர்பே உண்டு. இலை போன நஷ்டம் ஒரு பங்குதான். மீதிப் பங்கு, செடி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் பிரேக். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தாவரவியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இலை இழப்பையும் ஹார்மோனையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிய ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாம். ஜாங், டர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்ட செடி அரபிடாப்சிஸ். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த சின்னக் களைச்செடி, தாவர ஆய்வகங்களில் எல்லாவற்றுக்கும் அதைத்தான் வளர்ப்பார்கள். அதன் இலைகளைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்தினார்கள். செடியின் வளர்ச்சி பாதியாகக் குறைந்தது. உள்ளே ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் ஏழு மடங்கு ஏறியிருந்தது. அப்புறம் அதே காயத்தை, ஜாஸ்மோனேட்டைத் தயாரிக்கவே முடியாத மரபணு மாற்றச் செடிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தச் செடிகள் குட்டையாகவில்லை! காயம் அதேதான், ஆனால் வளர்ச்சி நிற்கவில்லை. அப்படியென்றால் குட்டையானதற்குக் காயத்தால் வந்த நஷ்டத்தைக் காரணம் காட்ட முடியாது. காயத்தைப் பற்றி உடம்பெங்கும் போன செய்திதான் வளர்ச்சியை நிறுத்தியிருக்கிறது.

குட்டையான இலைகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஓர் இலை சிறியதாக இருக்க இரண்டு வழி உண்டு: செல்கள் சிறுத்திருக்கலாம், அல்லது செல்களின் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். இங்கே ஒவ்வொரு செல்லும் வழக்கமான அளவில்தான் இருந்தது. எண்ணிக்கைதான் குறைவு. அதாவது ஜாஸ்மோனேட் இலையில் செல் பிரிதலையே பிடித்து நிறுத்தியிருக்கிறது. போன்சாய் மரங்களைத் திரும்பத் திரும்ப வெட்டிக் குட்டையாகவே வைத்திருப்பதன் பின்னாலும் இதுதான் இருக்கும் என்று சொல்லி, இதற்கு ‘போன்சாய் விளைவு’ என்றே பெயர் வைத்தார்கள்.

சரி, இந்த ஜாஸ்மோனேட் யார்? பெயரிலேயே மல்லிகை இருக்கிறது. 1962-ல் மல்லிகை எண்ணெயிலிருந்து மெத்தில் ஜாஸ்மோனேட்டைப் பிரித்தெடுத்தார்கள். அந்த மல்லிகை நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். நாம் பிச்சிப்பூ என்றும் ஜாதிமல்லி என்றும் சொல்கிற அதே இனம். அப்போது அது வெறும் வாசனைப் பொருள். 1971-ல் ஒரு பூஞ்சையை வளர்த்த திரவத்திலிருந்து ஜாஸ்மோனிக் அமிலம் கிடைத்தது, செடியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளாக. 1980-ல் இலைகளைச் சீக்கிரம் மூப்படைய வைக்கும் பொருள் என்று ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். எதிர்ப்புச் சக்தியோடு இதற்குள்ள தொடர்பு 1990-ல்தான் வந்தது. ஃபார்மரும் ரயானும் அமெரிக்காவில் செய்த சோதனை அது: மெத்தில் ஜாஸ்மோனேட்டின் ஆவி காற்றில் பட்டாலே போதும், தக்காளி இலை புழுவின் செரிமானத்தைக் கெடுக்கும் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பாடப்புத்தகத்தில் ‘எதிர்ப்பு ஹார்மோன்’ என்று படித்துவிட்டு, அது வளர்ச்சியில் ஏன் தலையிடுகிறது என்று மாணவர்கள் குழம்புவார்கள். வரலாற்றைப் பார்த்தால் வளர்ச்சியைத் தடுப்பதுதான் அதைப் பற்றி முதலில் தெரிந்தது. எதிர்ப்பு என்ற பட்டம் பின்னால் ஒட்டியது.

இதை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அரபிடாப்சிஸ் விதை பொடிமணல் மாதிரி இருக்கும். ஜெல்லி ஊற்றிய சதுரத் தட்டில் வரிசையாக விதைத்து, தட்டைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் வேர்கள் ஜெல்லியின் மேலாகவே தலைமுடி போல நேராகக் கீழே இறங்கும். ஒரு தட்டில் மிகக் கொஞ்சம் மெத்தில் ஜாஸ்மோனேட் கலந்திருந்தோம். ஒரு வாரம் கழித்துத் தட்டை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். சாதாரணச் செடிகளின் வேர்கள் கொஞ்ச தூரத்திலேயே கட்டையாக நின்றுவிட்டன. தண்டும் இலைக்காம்பும் லேசாக ஊதா நிறம். அதே வரிசையின் ஓரத்தில் இருந்த நாலைந்து செடிகளுக்கு மட்டும் ஒன்றுமே ஆகவில்லை, வேர் தட்டின் அடிவரை ஓடியிருந்தது. அவை சி.ஓ.ஐ.1 என்ற மரபணு பழுதான செடிகள். ஜாஸ்மோனேட்டை உணரும் காது அவற்றுக்கு இல்லை. ஹார்மோன் சுற்றிலும் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. ஹார்மோன் விஷம் மாதிரி வேரைக் கொல்வதாக இருந்தால் இந்தச் செடிகளும் நின்றிருக்க வேண்டும். அது ஒரு கட்டளை, கேட்டவர்கள் மட்டும் நின்றார்கள் என்பது அந்தத் தட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

இனி, கட்டளை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது. கொஞ்சம் நுணுக்கமான பகுதி, பொறுமையாகப் படியுங்கள்.

அமைதியான நாட்களில் செடியின் செல்களில் ஜாஸ் என்ற பெயருள்ள புரதங்கள் காவலுக்கு நிற்கின்றன (ஜாஸ்மோனேட் ஹார்மோன் வேறு, இந்த ஜாஸ் வேறு). அரபிடாப்சிஸில் இவை 13 வகை. எதிர்ப்பு மரபணுக்களைத் தட்டி எழுப்பும் மிக்-2 போன்ற புரதங்களை இவை பிடித்து அமுக்கி வைத்திருக்கும். புழு கடித்தால் காயத்திலிருந்து கால்சியம் அலையும் மின் அலையும் கிளம்பி மற்ற இலைகளுக்கும் பரவுகின்றன. சில நிமிடங்களில் கடிபடாத இலையிலும் ஜாஸ்மோனேட் ஏறத் தொடங்குகிறது. அது சி.ஓ.ஐ.1 புரதத்தோடு சேர்ந்து ஜாஸ் காவலர்களைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. காவல் போனதும் மிக்-2 விடுபடுகிறது, எதிர்ப்பு தொடங்குகிறது. இந்த ஜாஸ் புரதங்களை 2007-ல் கண்டுபிடித்தார்கள்.

வளர்ச்சி இதில் எங்கே வருகிறது? இங்கே டெல்லா என்ற இன்னொரு புரதக் குழு நுழைகிறது. டெல்லாக்கள் வளர்ச்சிக்குத் தடை போடுபவை. செல்லை நீளச் செய்யும் பிஃப் என்ற புரதங்களைப் பிடித்து அவற்றை வேலை செய்யவிடாமல் வைப்பார்கள். ஜிப்பரெலின் ஹார்மோன் வந்தால் டெல்லாக்கள் அழிந்து செடி நீளும். இந்த டெல்லாக்களை நீங்கள் பெயர் தெரியாமலே சந்தித்திருக்கிறீர்கள். பசுமைப் புரட்சியின் குட்டைக் கோதுமையில் இருப்பது ஜிப்பரெலினால் அழிக்க முடியாத ஒரு டெல்லா. 1966-ல் வந்த ஐ.ஆர்.8 நெல்லில் ஜிப்பரெலினே குறைவு, அதனால் டெல்லா நிலைத்துப் பயிர் குட்டையாக நிற்கிறது.

இப்போது முடிச்சு எங்கே என்று பாருங்கள். ஜாஸும் டெல்லாவும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அமைதிக் காலத்தில் ஜாஸ் நிறைய இருக்கிறது, அதனால் டெல்லாவில் ஒரு பகுதி அதன் பிடியில் மாட்டியிருக்கும். பிஃப் சுதந்திரமாக இருக்கும், செல்கள் நீளும். பூச்சி கடித்து ஜாஸ் அழிந்ததும் டெல்லா கை விடுபட்டுப் போய் பிஃப்பைப் பிடிக்கிறது, வளர்ச்சி தணிகிறது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். ஜிப்பரெலின் டெல்லாவை அழித்தால் ஜாஸின் கை காலியாகிறது, அது போய் மிக்-2-வை இன்னும் நன்றாக அமுக்குகிறது, எதிர்ப்பு தளர்கிறது. ஒரே தராசின் இரண்டு தட்டுகளை இரண்டு ஹார்மோன்கள் இழுக்கின்றன. 2012-ல் ஜாஸ்மோனேட்டை உணரும் மரபணுவை அடக்கிய நெல்லைப் பார்த்தார்கள், அது வழக்கத்தைவிட உயரமாகவே வளர்ந்திருந்தது.

செல் நீட்சிக்கு இந்த விளக்கம் பொருந்தும். செல் பிரிதலுக்கு வேறு வழிகளும் உண்டு. வேர் நுனியில் புதுச் செல்களைத் தந்துகொண்டிருக்கும் ஆதாரச் செல்களைக் காப்பது பிளெத்தோரா என்ற மரபணுக்கள். விடுபட்ட மிக்-2 நேராகப் போய் அவற்றைத் தணிக்கிறது. நான் தட்டில் பார்த்த கட்டை வேரில் நடந்தவற்றில் இதுவும் ஒன்று. இலையைப் பொறுத்தவரை, 2013-ல் வந்த ஓர் ஆய்வு எனக்கு ஆறுதலான ஒன்றைச் சொன்னது. ஜாஸ்மோனேட் செல்களைப் பிரியவிடாமல் நிறுத்தும்போது அவற்றை முடித்துவிடுவதில்லை, காத்திருக்கும் நிலையில் வைக்கிறது. அழைப்பு வந்தால் தொடரலாம் என்பதுபோல. உங்கள் தக்காளிச் செடி இரண்டு வாரமாகச் சும்மா நிற்பதை நான் இப்படித்தான் பார்க்கிறேன்.

இன்னொரு பெரிய எதிர்ப்பு ஹார்மோன் சாலிசிலிக் அமிலம். ஆஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. ஜாஸ்மோனேட் பெரும்பாலும் கடிக்கும் பூச்சிகளுக்கும் செல்லைக் கொன்று தின்னும் பூஞ்சைகளுக்கும் எதிராக வேலை செய்யும். சாலிசிலிக் அமிலம், உயிருள்ள செல்லோடு ஒட்டி வாழும் நோய்க்கிருமிகளுக்கும் வைரஸ்களுக்கும் எதிராக. 1979-ல் வைட் என்பவர் புகையிலைக்கு ஆஸ்பிரின் கொடுத்தபோது தேமல் வைரஸ் தாக்கம் குறைந்ததைக் கண்டார். இதுவும் வளர்ச்சியைப் பிடிக்கும். ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனை உணரும் வழியை இது அடக்குகிறது. இதற்கு எனக்குப் பிடித்த சான்று நோயே இல்லாத ஒரு சோதனை. சாலிசிலிக் அமிலத்தைச் சிதைத்துவிடும் ஒரு பாக்டீரியா மரபணுவை அரபிடாப்சிஸில் சேர்த்தார்கள். 23 டிகிரியில் அந்தச் செடிக்கும் சாதாரணச் செடிக்கும் வித்தியாசமே இல்லை. 5 டிகிரிக் குளிரில் வைத்தபோது, இரண்டு மாதத்தில் மரபணு சேர்த்த செடி 2.7 மடங்கு பெரியதாக வளர்ந்திருந்தது. குளிரில் செடி வளராததற்குக் குளிர் மட்டும் காரணமில்லை, அதனுள் ஏறுகிற சாலிசிலிக் அமிலமும் ஒரு காரணம் என்று 2004-ல் வந்த இந்த வேலை காட்டியது. இங்கே வித்தியாசம் முக்கியமாகச் செல்லின் பருமனில் இருந்தது. காயம்பட்ட இலைகளில் ஜாஸ்மோனேட் செல்களின் எண்ணிக்கையில் கை வைத்தது, குளிரில் இது பருமனில்.

இதுவரை படித்தால் எதிர்ப்பு ஹார்மோன் என்றாலே வளர்ச்சிக்கு எதிரி என்று தோன்றும். அந்த எண்ணத்தோடு யாரும் போய்விடக் கூடாது. ஜாஸ்மோனேட் இல்லாவிட்டால் அரபிடாப்சிஸில் விதையே பிடிக்காது. மகரந்தத்தாளின் காம்பு நீள்வதும், மகரந்தப்பை வெடிப்பதும், மகரந்தம் உயிர்ப்போடு இருப்பதும் அந்த ஹார்மோனை நம்பியிருக்கின்றன. இதற்கான மூலப்பொருளே இல்லாத செடிகளை 1996-ல் மெக்கான், பிரௌஸ் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். பூ பூக்கும், காய் கட்டாது. ஜாஸ்மோனேட் பூசினால் கட்டியது. அடுத்த ஆண்டு அதே செடிகளைச் சாதாரணமாக மண்ணில் இருக்கும் சிறு பூஞ்சை ஈயின் புழுக்களிடம் விட்டார்கள். பக்கத்துச் சாதாரணச் செடிகள் பெரும்பாலும் தப்பித்தன, இவற்றில் சுமார் 80 சதவீதம் செத்தன. காய் கட்டவும் உயிர் பிழைக்கவும் ஒரே மூலக்கூறு!

உங்கள் தக்காளியில் கதை கொஞ்சம் மாறும். ஜாஸ்மோனேட்டை உணரும் மரபணு பழுதான தக்காளியில் மகரந்தத்தைவிடச் சூல் பக்கம்தான் பெரிய கோளாறு, விதை முதிராது. மக்காச்சோளத்தில் உச்சியிலுள்ள ஆண் கதிர் ஆணாக உருவாகவே ஜாஸ்மோனேட் வேண்டும், இல்லாவிட்டால் அங்கே பெண் பூக்கள் வந்துவிடும். ஒரே கட்டளைக்கு ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு உறுப்பும் தன் பழக்கப்படி பதில் சொல்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் பார்த்தவர்களுக்கு இன்னோர் உதாரணம். பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள் வளைய வளையமாக இருக்கும். அவற்றைப் புதிதாக உருவாக்குவது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள கேம்பியம் என்ற செல் அடுக்கு. காயமும் ஜாஸ்மோனேட்டும் அந்தக் கேம்பியத்தைத் தூண்டிப் புதுப் பால்குழாய்களை உண்டாக்குகின்றன என்று 2000-ல் வந்த ஆய்வு காட்டியது. பால் அந்த மரத்துக்கு எதிர்ப்பு ஆயுதம். அதற்கான செல்லையே இந்த ஹார்மோன் புதிதாகச் செய்து தருகிறது. வேரில் அடிபட்டால் மீண்டும் நுனியை வளர்த்தெடுக்கும் ஆதாரச் செல்களை எழுப்புவதிலும் ஜாஸ்மோனேட்டுக்குப் பங்கு உண்டு என்று 2019-ல் தெரிந்தது. வேர் வளர்ச்சியை நிறுத்தும் அதே ஹார்மோன், அடிபட்ட வேரைச் சரிசெய்யவும் வருகிறது. அளவு, நேரம், பக்கத்தில் என்ன ஆக்சின் இருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அதன் பேச்சு மாறும்.

நீண்ட நாளாக விவாதம் நடக்கும் கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. வளர்ச்சியை நிறுத்துவது செடியின் கையில் காசில்லாததாலா? எதிர்ப்புப் புரதம் செய்யவும் இலை வளர்க்கவும் ஒரே சர்க்கரைதான் செலவாகிறது, அதனால் ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையத்தானே வேண்டும் என்பது பழைய வாதம். 2016-ல் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிரெக் ஹோவின் குழு ஐந்து ஜாஸ் மரபணுக்களை எடுத்துவிட்ட செடி ஒன்றைச் செய்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது, செடி குட்டை. அதோடு, சிவப்பு ஒளியை உணர்ந்து பிஃப்பை அடக்கி வைக்கும் ஃபைட்டோகுரோம் பி மரபணுவையும் எடுத்தார்கள். செடி நன்றாக வளர்ந்தது, புழுவையும் எதிர்த்து நின்றது. அப்படியானால் சர்க்கரை தீர்ந்துபோய்க் குட்டையாகவில்லை, பிரேக்கை எடுத்தால் இரண்டும் ஒன்றாகவே நடக்க முடியும். ஆனால் இதே குழு 2018-ல் பத்து ஜாஸ் மரபணுக்களை எடுத்துப் பார்த்தபோது செடி உண்மையிலேயே சர்க்கரைப் பஞ்சத்தில் விழுந்தது, விதையும் குறைந்தது. என் கணிப்பு இது: சாதாரண அளவிலான தாக்குதலில் செடி முன்னெச்சரிக்கையாகவே நிறுத்துகிறது, எல்லை தாண்டினால்தான் பஞ்சம் வருகிறது.

முன்னெச்சரிக்கையில் அர்த்தம் இருக்கிறது என்பதைக் காட்டில் செய்த சோதனையும் சொல்கிறது. 1998-ல் வெளியான ஆய்வு அது. அமெரிக்காவில் இயன் பால்ட்வின் என்ற ஆய்வாளர் காட்டுப் புகையிலைக்கு மெத்தில் ஜாஸ்மோனேட் கொடுத்தார். பூச்சி வராத இடத்தில் அந்தச் செடிகள் மற்றவற்றைவிடக் குறைவாக விதை கட்டின. பூச்சி வந்த இடத்தில் அதிகமாகக் கட்டின.

பயிர் ஆராய்ச்சியில் இதைப் பயன்படுத்தும் வழி திறந்திருக்கிறது. நெல்லில் ஐ.பி.ஏ.1 என்ற புரதம் நல்ல கதிர் அமைப்புக்குக் காரணமானது. குலைநோய்ப் பூஞ்சை தாக்கியதும் அந்தப் புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டுகிறது, அது எதிர்ப்பு மரபணுவுக்குத் தாவுகிறது. 48 மணி நேரத்துக்குள் பாஸ்பேட் கழன்று பழைய வேலைக்குத் திரும்பிவிடுகிறது. 2018-ல் சீனாவில் கண்டது இது. தேவைப்படும்போது மட்டும், அதுவும் சீக்கிரம் முடித்துக்கொள்ளும் எதிர்ப்பு. நிரந்தரமாக எதிர்ப்பைத் திறந்து வைத்த ரகங்களில் விளைச்சல் அடிவாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி உங்கள் தொட்டிக்கு வருகிறேன். புழு போய்விட்டது என்றால் ஜாஸ்மோனேட்டும் மெல்ல இறங்கும், செடி அதைச் சிதைக்கும் நொதிகளை வைத்திருக்கிறது. ஆனால் ஒளிந்திருக்கும் புழு ஒன்று இரவில் வந்து கடித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு கடியும் பிரேக்கை மறுபடி அழுத்தும். டார்ச் எடுத்துக்கொண்டு இரவில் இலையின் அடிப்பக்கம் ஒருமுறை பாருங்கள். அடிக்கடி இலை கிள்ளுவதும் கத்தரிப்பதும் இப்போதைக்கு வேண்டாம், அதுவும் காயம்தான். தொட்டிகளை நெருக்கி வைத்திருந்தால் விலக்கி வையுங்கள். பக்கத்துச் செடியின் நிழல் விழுந்தால் ஃபைட்டோகுரோம் அதை உணர்ந்து செடியை உயரத்துக்கு விரட்டும், அப்போது ஜாஸ்மோனேட் எதிர்ப்பு தளர்ந்துவிடும்.

வளரவில்லையே என்று யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். நிறுத்தியது பசி என்றால் சோறு போடலாம், இங்கே நிறுத்தியது ஒரு செய்தி. ஆஸ்பிரின் மாத்திரையைக் கரைத்துத் தெளிக்கும் யோசனையும் பலர் சொல்வார்கள். புழுவுக்கு எதிரான ஜாஸ்மோனேட்டைச் சாலிசிலிக் அமிலம் பல செடிகளில் அமுக்கிவிடும், கூடவே வளர்ச்சியையும் பிடிக்கும். புழு கடித்த செடிக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்.

புது இலை வந்ததும் அதைத் தொட்டுப் பாருங்கள். தக்காளி இலையைத் தேய்த்தால் கையில் ஒட்டும் அந்தப் பச்சை வாடை, இலை மேலுள்ள சுரப்பி முடிகளிலிருந்து வருவது. ஜாஸ்மோனேட் பட்ட செடியில் அதற்குப் பின் விரியும் இலைகளில் அந்த முடிகள் நெருக்கமாக முளைக்கும். பழைய இலை ஒன்றையும் புது இலை ஒன்றையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பார்த்தால் வித்தியாசம் தெரியக்கூடும்.